குளிர்காலத்தில் பேட்டரி: 35 சதவீதம் காட்டுகிறது, நள்ளிரவில் அணைந்துவிடுகிறது

#1 கூரைவெயில்

வணக்கம். வீட்டில் 6 கிலோவாட் பேனல், 5 கிலோவாட் இன்வெர்ட்டர், 280 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் 16. கணக்குப்படி சுமார் 14 யூனிட் தேக்கலாம். கோடை முழுக்க ஒரு குறையும் இல்லை. மதியத்துக்கு முன்பே நிறைந்துவிடும், நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

குளிர் வந்ததும் எல்லாம் மாறிவிட்டது. தெளிந்த நாளில் 3 யூனிட் வருகிறது, மேகம் மூடினால் 1 யூனிட்டைத் தொடவே திணறுகிறது. வீட்டுச் செலவு நாளுக்கு 9 யூனிட். மூன்று வாரமாகப் பேட்டரி ஒருநாளும் நிறையவில்லை. பேட்டரி 15 சதவீதத்துக்கு இறங்கினால் கிரிட்டுக்கு (வெளியிலிருந்து வரும் பொது மின்சாரத்துக்கு) மாறு என்று இன்வெர்ட்டருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் 35 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே, நள்ளிரவில் பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்துக் காக்கும் மின்னணுப் பலகை) துண்டித்துவிடுகிறது. வீடே இருட்டு. எழுந்துபோய்க் கையால் திரும்ப இயக்க வேண்டியிருக்கிறது. இந்த வாரம் மட்டும் மூன்று முறை.

இன்னொன்று. காலையில் நல்ல வெயில் அடிக்கிறது, பேனலிலிருந்து 800 வாட் வருகிறது, பேட்டரிக்கு ஒரு ஆம்பியர்கூடப் போவதில்லை. பத்து பதினொரு மணிக்கு மேல்தான் ஏறத் தொடங்குகிறது. இருப்பதே கொஞ்ச நேர வெயில், அதிலும் பாதி வீணாகிறது. பேட்டரி கெட்டுவிட்டதா?

#2 கணக்குப்பிள்ளை

கெட்டிருக்காது என்றுதான் நினைக்கிறேன். மூன்று விவரம் வேண்டும். பேட்டரி எங்கே இருக்கிறது? காலையில் செல் வெப்பநிலை எவ்வளவு? துண்டித்த நேரத்தில் ஒவ்வொரு செல்லின் வோல்ட்டும் என்ன? பிஎம்எஸ் பதிவில் கிடைக்கும்.

#3 கூரைவெயில்

கார் நிறுத்தும் கொட்டகையில், சுவரோரம். காலை 8 மணிக்கு 3 டிகிரி காட்டியது. பூஜ்யத்துக்கு மேலேதானே இருக்கிறது, பிறகு ஏன் ஏறவில்லை?

துண்டித்தபோது 11-ஆவது செல் 2.5 வோல்ட். மற்றவை எல்லாம் 3.0-க்கும் 3.1-க்கும் நடுவில்.

#4 கணக்குப்பிள்ளை

சரி, அப்படியானால் உங்களிடம் இரண்டு பிரச்சினை இல்லை, மூன்று இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் போவோம்.

முதலில் அந்த 35 சதவீதம். அது அளந்த எண் அல்ல, கூட்டிக் கழித்து வந்த எண். உள்ளே போன ஆம்பியரையும் வெளியே போன ஆம்பியரையும் பிஎம்எஸ் எண்ணிக்கொண்டே இருக்கும். மிகச் சிறிய மின்னோட்டத்தைப் பல பிஎம்எஸ்கள் எண்ணுவதே இல்லை. தான் குடிக்கும் மின்சாரத்தையும் கணக்கில் சேர்ப்பதில்லை. நாளுக்கு ஒரு சதவீதம் பிசகினால்கூட மூன்று வாரத்தில் 20 சதவீதத்தைத் தாண்டிவிடும். கோடையில் இது தெரியாது, ஏனென்றால் தினமும் நிறைந்து, தினமும் "இதுதான் 100" என்று கணக்கு புதிதாகத் தொடங்கும். குளிர்காலத்தில் அந்தத் திருத்தம் நடப்பதே இல்லை.

வோல்ட்டை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்றால், இந்த வகை செல்லில் அது கடினம். 30 சதவீதத்திலிருந்து 90 சதவீதம் வரை ஓய்வு நிலையில் ஒரு செல்லின் வோல்ட் மாறுவது சுமார் 0.1 மட்டுமே.

இரண்டாவது, 3 டிகிரி. பிஎம்எஸ் பூஜ்யத்தில் சார்ஜை நிறுத்தினால் 1 டிகிரி வந்ததும் திறந்துவிடாது. பெரும்பாலும் 5 டிகிரி வந்த பிறகே திறக்கும்படி வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டே இருக்கும். விடியற்காலையில் உங்கள் செல் பூஜ்யத்தைத் தொட்டிருக்கும். அமைப்பில் இரண்டு எண்ணையும் பாருங்கள்.

மூன்றாவது அந்த 11-ஆவது செல். அதை நிறைந்த நிலையில் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது.

#5 தனிவீடு

அந்தப் பூஜ்ய டிகிரித் தடையைத் தயவுசெய்து நீக்கிவிடாதீர்கள். "கொஞ்சம்தானே" என்று மைனஸ் 5-க்கு இறக்கி வைக்கச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். உறைகுளிரில் லித்தியம் அயனிகள் செல்லின் எதிர்மின்முனையான கிராஃபைட்டுக்குள் புகுவது மந்தமாகிவிடும். நாம் வெளியிலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தால் அவை உள்ளே போகாமல் மேற்பரப்பில் உலோகமாகப் படியும். படிந்ததில் ஒரு பகுதி திரும்பாது. கொள்ளளவு நிரந்தரமாகப் போகும், மோசமான நிலையில் செல்லுக்கு உள்ளேயே ஷார்ட் ஆகும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது என்பதுதான் இதில் பயங்கரம்.

பேட்டரியிலிருந்து எடுப்பது வேறு விஷயம். மைனஸ் 20 வரை எடுக்கலாம் என்று பல செல்களின் தகவல் தாளில் இருக்கும். அதனால்தான் இரவெல்லாம் வேலை செய்த பேட்டரி காலையில் வாங்க மறுக்கிறது.

0 முதல் 10 டிகிரி வரைகூட மெதுவாகவே ஏற்றுங்கள். நான் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு வைத்திருக்கிறேன். உங்களுக்கு அது 28 ஆம்பியர்.

#6 கூரைவெயில்

நீக்க மாட்டேன். எண்களைப் பார்த்தேன்: 0-இல் நிறுத்தம், 5-இல் திறப்பு. கணக்குப்பிள்ளை சொன்னதேதான்.

ஆனால் கொட்டகையைச் சூடாக்க ஹீட்டர் வைத்தால் இருக்கிற கொஞ்சம் மின்சாரமும் அதற்கே போய்விடுமே?

#7 கணக்குப்பிள்ளை

கொட்டகையை ஏன் சூடாக்க வேண்டும்? செல்களை மட்டும் சூடாக்குங்கள். கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு செல் சுமார் 5.4 கிலோ, 16 செல்லுக்கு 86 கிலோ. ஒரு கிலோவை ஒரு டிகிரி உயர்த்த ஏறக்குறைய 1 கிலோஜூல் என்று வைத்துக்கொண்டால், மொத்தத்தையும் ஒரு டிகிரி உயர்த்த 86 கிலோஜூல், அதாவது 24 வாட்-மணி. 3 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்குக் கொண்டுவர 0.17 யூனிட். அவ்வளவுதான்! அதைச் செலவழிக்காமல் விட்டதால் தினமும் காலை வெயிலில் ஒரு யூனிட்டுக்கு மேல் இழந்துகொண்டிருக்கிறீர்கள்.

மீதி செலவு பெட்டி எவ்வளவு கசிகிறது என்பதைப் பொறுத்தது. ஐந்து சென்டிமீட்டர் தெர்மோகோல் அல்லது கடினமான ஃபோம் பலகையால் ஆறு பக்கமும் மூடினால், 86 கிலோ எடை தானே வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

#8 தனிவீடு

இதில் கவனிக்க வேண்டியவை சில. வெப்பப் பாயை (மின்சாரத்தில் சூடாகும் தட்டையான விரிப்பு) செல்லின் மேல் நேராக ஒட்டாதீர்கள், நடுவில் ஓர் அலுமினியத் தகடு வையுங்கள், சூடு ஒரே இடத்தில் குவியாது. 50, 60 வாட் பாய் போதும். தெர்மோஸ்டாட் 5-இல் இயக்கி 10-இல் நிறுத்தட்டும். அது பழுதானால் நிறுத்த, தனியாக ஒரு வெப்பத் துண்டிப்பானும் வேண்டும், இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். போர்வை, பழைய துணி போட்டுச் சுற்றுவது தீக்கு வழி. பிஎம்எஸ்ஸைப் பெட்டிக்கு வெளியே வையுங்கள், அது சூடாகும். வெப்பநிலை சென்சார் காற்றில் தொங்கக் கூடாது, நடுவிலிருக்கும் செல்லின் உடம்பில் ஒட்டியிருக்க வேண்டும்.

#9 ஈயக்கலன்

லித்தியம்காரர்கள் நடுவில் ஒரு ஈய-அமிலக்காரனும் பேசலாமா? எங்களுக்குக் குளிர்காலம் வேறு மாதிரி. கிரிட்டே இல்லாத வீடு, 2 வோல்ட் செல் 24, தண்ணீர் ஊற்றும் வகை. பன்னிரண்டு குளிர்காலம் பார்த்துவிட்டது.

லித்தியம் அரைகுறையாக நிறைந்து கிடந்தால் அதற்கு வலிப்பதில்லை. ஈயம் அப்படியல்ல. நிறையாமல் வாரக்கணக்கில் விட்டால் தகட்டில் படிந்த ஈய சல்பேட் படிகங்கள் பெரிதாகி இறுகிவிடும், அப்புறம் என்ன ஏற்றினாலும் கரையாது. 1859-இல் பிளாந்தே முதல் ஈயக் கலனைச் செய்த காலத்திலிருந்து இந்த வேதியியல் மாறவில்லை. எனவே எங்களுக்கு விதி ஒன்றே: வாரத்துக்கு ஒருமுறையாவது முழுமையாக நிறைய வேண்டும்.

இரண்டாவது, வெப்பநிலைத் திருத்தம். 25 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் சார்ஜ் வோல்ட்டில் ஒரு செல்லுக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட் கூட்ட வேண்டும். 24 செல், 5 டிகிரி, நடுவாக 4 மில்லிவோல்ட் என்றால் 1.9 வோல்ட் கூடுகிறது. கோடையில் 57.6 வைத்தவர் குளிரில் 59.5 வைக்க வேண்டும். சென்சார் கழன்று கிடந்தால், பேனலிலிருந்து பேட்டரிக்கு ஏறுவதைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் 25 டிகிரி என்றே நினைத்துக்கொண்டு, குளிர்காலம் முழுக்கக் குறைவாகவே ஏற்றும். எனக்கு மூன்றாவது குளிர்காலத்தில் அப்படித்தான் ஒரு வரிசை செல் போனது. கம்பியை எலி கடித்திருந்தது, வசந்தம் வந்த பிறகுதான் கண்டுபிடித்தேன். இன்றும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இந்தத் திருத்தம் ஈயத்துக்கு மட்டும். லித்தியத்துக்கு அதைப் பூஜ்யத்தில் வையுங்கள். பழைய கன்ட்ரோலரில் பேட்டரியை மட்டும் மாற்றியவர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

#10 புதுப்பேனல்

ஐயா, ஜெனரேட்டரை எப்போது ஓட்டுவீர்கள்? நாங்கள் மாலையில் விளக்கு மங்கும்போது ஓட்டுகிறோம், நாலு மணி நேரம் போனாலும் நிறைவதில்லை.

#11 ஈயக்கலன்

காலையில் ஓட்டுங்கள் தம்பி. காலியான பேட்டரி முதலில் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கும், 80 சதவீதம் தாண்டினால் மிடறு மிடறாகத்தான் குடிக்கும். அந்தக் கடைசி 20 சதவீதத்துக்கு ஜெனரேட்டரை ஓட்டுவது எரிபொருளைக் கொட்டுவது மாதிரி. விடியற்காலையில் 80, 85 வரை ஜெனரேட்டர் ஏற்றட்டும், பிறகு நிறுத்திவிடுங்கள். குளிர்கால வெயில் பலவீனமாக இருந்தாலும், மீதி மெதுவான வேலையை நாள் முழுக்க அது செய்துவிடும்.

அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரையும் கையில் வைத்திருங்கள். 1.27-க்குப் பக்கத்தில் இருந்தால் நிறைந்திருக்கிறது, உறையும் என்ற பயமே இல்லை. 1.10-க்கு இறங்கிவிட்டால் மைனஸ் 8 டிகிரியை ஒட்டி உறைந்துவிடும், பெட்டியே வெடித்துப் பிளக்கும். உறைந்துபோன பேட்டரிக்குச் சார்ஜ் போடவே கூடாது.

#12 கூரைவெயில்

பெட்டி கட்டி முடித்தேன். 60 வாட் பாய், அலுமினியத் தகடு, துண்டிப்பான் எல்லாம் சொன்னபடியே. இன்று காலை 8:20-க்கே சார்ஜ் ஏறத் தொடங்கியது. உண்மையிலேயே நெகிழ்ந்துவிட்டேன், நன்றி.

ஆனால் அளவு பற்றாக்குறை அப்படியேதான் இருக்கிறது. வருவது 3 யூனிட், செலவு 9. நள்ளிரவிலிருந்து காலை 5 வரை எங்களுக்குக் குறைந்த கட்டணம் உண்டு. கிரிட்டிலிருந்து பேட்டரிக்கு ஏற்றலாம். இதுவரை நான் அதைச் செய்யவில்லை. சூரியனுக்காக வாங்கிய பேட்டரியைக் கிரிட்டால் நிரப்புவது மனத்துக்கு ஒப்பவில்லை.

#13 தனிவீடு

ஒப்ப வேண்டும். நண்பகலில் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: குளிர்காலத்தின் மிகக் குறுகிய நாளில் 90-இலிருந்து உங்கள் அட்சரேகையையும் 23.4-ஐயும் கழியுங்கள். 50 டிகிரி அட்சரேகையில் வெறும் 16.6 டிகிரிதான் வருகிறது. அந்த உயரத்தில் பக்கத்து மரம், கம்பம், புகைபோக்கி எல்லாமே நிழல் போடும். பேனல் குற்றமும் இல்லை, உங்கள் குற்றமும் இல்லை.

பேட்டரிக்கு யார் கொடுத்த மின்சாரம் என்ற பேதம் தெரியாது. காலியாக, குளிரில், துண்டிப்பின் விளிம்பில் கிடப்பதுதான் அதற்குக் கெடுதல்.

#14 புதுப்பேனல்

கிரிட் உள்ள எங்கள் இன்னொரு வீட்டில் நான் இரவில் தினமும் 100 சதவீதம் ஏற்றிவிடுகிறேன், நிம்மதியாக இருக்கிறது.

#15 தனிவீடு

அப்படிச் செய்தால் காலை வெயில் எங்கே போகும்? 3 யூனிட்டுக்கு இடம் விட்டு 75, 80-இல் நிறுத்துவதுதான் சரி.

#16 கணக்குப்பிள்ளை

இதில் தனிவீடு சொல்வதை நான் ஏற்கவில்லை. குளிர்காலத்தில் வெயில் நேராகப் பேட்டரிக்குப் போவதில்லை, முதலில் வீட்டுச் சுமைக்குப் போகிறது. மிஞ்சியதற்கு மட்டும்தான் இடம் வேண்டும். கூரைவெயில், கடந்த இரண்டு வாரத்தில் ஒரே நாளில் பேட்டரிக்குள் போன மிக அதிகமான அளவு எவ்வளவு?

#17 கூரைவெயில்

பார்த்தேன். மிகத் தெளிந்த நாளில் 1.5 யூனிட். பல நாள் அரை யூனிட்கூட இல்லை.

#18 கணக்குப்பிள்ளை

அப்படியானால் 10 சதவீதம் இடம் போதும். 14-இல் பத்தில் ஒன்று 1.4 யூனிட். இரவு இலக்கை 90 என்று வையுங்கள். நாள் நீண்டு, பேட்டரிக்குள் போவது 3, 4 யூனிட் ஆகும்போது தனிவீடு சொன்ன 75 சரியாக இருக்கும்.

நிறைந்து இருந்தால் லித்தியம் சீக்கிரம் முதிரும் என்பது உண்மைதான். ஆனால் அந்த முதுமை வெப்பத்தோடு சேர்ந்து வருவது. 10 டிகிரியில் 90 சதவீதம் நிற்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. கிரிட்டிலிருந்து உள்ளே, உள்ளிருந்து வீட்டுக்கு என்று இரண்டு முறை மாறும்போது 15 சதவீதம் வரை கரைந்துபோகும். இரவுக் கட்டணம் பகலைவிட அதற்கும் மேலாகக் குறைந்திருந்தால்தான் லாபம். உங்களுக்கு எப்படி?

#19 கூரைவெயில்

பாதிக்கும் குறைவு.

#20 கணக்குப்பிள்ளை

அப்புறம் என்ன, தயங்காமல் ஏற்றுங்கள். முதலில் ஒருமுறை முழுமையாக நிரப்புங்கள். செல்லுக்கு 3.45, மொத்தம் 55.2 வோல்ட். மின்னோட்டம் 14 ஆம்பியருக்குக் கீழே விழும்வரை பிடித்து வையுங்கள். அப்போது 11-ஆவது செல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அடியிலும் தாழ்ந்து, உச்சியிலும் தாழ்ந்து நின்றால் அது சமநிலை பிசகிய செல், சரிசெய்யலாம். அடியில் முதலில் காலியாகி, உச்சியில் முதலில் நிறைந்தால் அதன் கொள்ளளவே குறைந்திருக்கிறது, மாற்ற வேண்டிவரும்.

#21 புதுப்பேனல்

நடுவில் ஒரு விஷயம், யாருக்காவது உதவும். குளிரில் பேனலின் வோல்ட் ஏறும். என்னிடம் 49.5 வோல்ட் பேனல் மூன்று தொடராக, அதிகபட்சம் 150 வோல்ட் தாங்கும் கன்ட்ரோலர். 148.5 தானே என்று பொருத்தியவர் சொன்னார், நானும் நம்பினேன். அந்த 49.5 என்பது 25 டிகிரியில் அளந்தது. டிகிரிக்கு 0.27 சதவீதம் கூடினால் மைனஸ் 10-இல் 162 வோல்ட்டுக்கு மேல். முதல் உறைபனிக் காலையில், சூரியன் எட்டிப் பார்த்த நிமிடத்தில் கன்ட்ரோலர் கருகியது. உங்கள் இடத்தின் மிகக் குளிர்ந்த காலையை வைத்துக் கணக்கு போட்ட பிறகே பேனலைத் தொடராக இணையுங்கள்.

#22 கூரைவெயில்

முழு சார்ஜ் முடிந்தது. மற்றவை 3.45-ஐத் தொட்டபோது 11-ஆவது செல் 3.36. அடியிலும் உச்சியிலும் தாழ்வு! செல்களை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் பிஎம்எஸ்ஸின் சமன்படுத்தி 100 மில்லிஆம்பியர்தான். எவ்வளவு நாள் ஆகும்?

#23 கணக்குப்பிள்ளை

நல்ல செய்தி, செல் பிழைத்தது. ஆனால் 280 ஆம்பியர்-மணியில் ஒரு சதவீதம் பிசகு என்றால் 2.8 ஆம்பியர்-மணி. 100 மில்லிஆம்பியரில் 28 மணி நேரம். அதுவும் வோல்ட் உச்சியில் நிற்கும்போது மட்டும்தான் சமன்படுத்தி வேலை செய்யும். உங்களுக்கு 3, 4 சதவீதம் பிசகு இருக்கலாம், குளிர்காலமே முடிந்துவிடும். பேட்டரியைப் பொருத்தித் தந்தவரை அழைத்து, அந்த ஒரு செல்லுக்கு மட்டும் 3.5 வோல்ட்டில் மட்டுப்படுத்திய தனி சார்ஜரால் ஏற்றச் சொல்லுங்கள். இணைப்பு போல்ட்டுகளை முறுக்கிப் பார்க்கவும் சொல்லுங்கள், தளர்ந்த போல்ட்டும் சுமையில் பொய் வோல்ட் காட்டும். பழக்கமில்லாமல் நீங்களே கை வைக்காதீர்கள், 16 செல் ஷார்ட் ஆனால் பாயும் மின்னோட்டம் ஸ்பேனரை உருக்கும்.

#24 கூரைவெயில்

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். பாதியில் நின்ற இழைகளைப் படித்து நானே ஏமாந்திருக்கிறேன், அதனால் முடிவை எழுதிவிடுகிறேன்.

11-ஆவது செல்லுக்குத் தனியாக 12 ஆம்பியர்-மணி ஏறியது. இப்போது 16 செல்லும் உச்சியில் 0.02 வோல்ட்டுக்குள் நிற்கின்றன. இரவு 2 மணிக்கு சார்ஜ் தொடங்கி 90-இல் நிறுத்துகிறேன். நள்ளிரவே தொடங்காததற்குக் காரணம், வெப்பப் பாய் செல்லை 10 டிகிரிக்குக் கொண்டுவர அவகாசம் வேண்டும். கிரிட்டுக்கு மாறும் எல்லையை 15-இலிருந்து 25-ஆக உயர்த்தினேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 55.2 வரை ஏற்றி இரண்டு மணி நேரம் பிடித்து வைக்கிறேன். கடைசி முறை அதற்கு முன் காட்டிய சதவீதத்துக்கும் உண்மைக்கும் வித்தியாசம் 9. எண் நழுவிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் 25 என்ற எல்லை அதைத் தாங்குகிறது.

யாரும் கேட்காத ஒன்றையும் கண்டுபிடித்தேன். எந்தச் சுமையும் இல்லாதபோதே இன்வெர்ட்டர் 70 வாட் குடிக்கிறது. நாளுக்கு 1.7 யூனிட்! மேகமூட்டமான நாளில் கூரை தருவதைவிட அதிகம். எல்லையைத் தொட்டு கிரிட்டுக்கு மாறிய பிறகு உறக்க நிலைக்குப் போகும்படி ஓர் அமைப்பு இருந்தது, போட்டுவிட்டேன். பாதிக்கு மேல் குறைந்தது.

ஐந்து வாரத்தில் ஒருமுறைகூட வீடு இருளவில்லை.

#25 ஈயக்கலன்

மகிழ்ச்சி தம்பி. நாள் நீளத் தொடங்கியதும் அந்த 90-ஐ இறக்க மறந்துவிடாதீர்கள். இரவில் காசு கொடுத்து நிரப்பிவிட்டு, பகல் வெயிலுக்கு இடமில்லாமல் திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பீர்கள்.

#26 கூரைவெயில்

குறித்து வைத்துவிட்டேன் ஐயா. பேட்டரிக்குள் போகும் வெயில் ஒரு வாரம் தொடர்ந்து 2 யூனிட்டைத் தாண்டினால் 80, 4-ஐத் தாண்டினால் 60. பெட்டியின் கதவுக்கு உள்பக்கமே எழுதி ஒட்டியிருக்கிறேன், அடுத்த குளிர்காலத்தில் திரும்ப ஏற்ற வேண்டிய எண்களோடு.